அவனுக்காகச் சாப்பிட்டவள்

பஞ்சவர்ணத்துக்குச் சாப்பாடு இன்னொரு வேலை, அவ்வளவுதான். விடியுமுன் எழுந்து ஈர விறகோடு மல்லுக்கட்டி ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, புருசனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போவாள். பகலில் பால் வாளியைச் சுமந்து வந்து ஸ்டோரில் அளந்து ஊற்றிவிட்டு லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பினால் மறுபடியும் அதே அடுப்பு. இதற்கெல்லாம் நடுவில் தன் வாயிலும் நாலு கவளம் போட்டுக்கொள்வாள், பெரும்பாலும் நின்றபடியே. மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று சாயங்காலம் கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

அவள் புருசன் ராஜதுரை நேரெதிர். கலவானை ரோட்டிலிருந்து உள்ளே போகும் அந்தத் தோட்டத்தில் ரப்பர் ஸ்டோர் வேலை அவனுக்கு. வேலை முடிந்து வரும்போது லயத்து முனையிலேயே மூக்கை உயர்த்தி, "இன்னைக்கு ஈரப்பலாக்காயா?" என்று கேட்டுக்கொண்டே வருவான். கை கால் கழுவி, சப்பணம் போட்டு உட்கார்ந்து, முதல் கவளத்தை வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வான். றக்வானையில் எப்போதோ ஒரு கருமாதி வீட்டில் சாப்பிட்ட கோழிக்கறியைப் பற்றி இன்னமும் பேசுவான். யாருடைய கருமாதி என்பது மறந்துவிட்டது. கறி மறக்கவில்லை.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் பேச்சு என்று இருந்ததில் பாதி சாப்பாட்டுப் பேச்சு. அதிலும் முக்கால்வாசியைப் பேசுவது அவன்தான்.

"மனுசனுக்கு வயிறுன்னு ஒண்ணு இல்லாம இருந்தா எவ்வளவு நிம்மதி," என்று அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே அவள் சொல்வாள்.

"வயிறு இல்லாட்டி நீயும் நானும் என்னத்த புள்ள பேசுறது?" என்று அவன் சிரிப்பான்.

அவள் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. எழுபத்து நாலில் அவளுக்குப் பன்னிரண்டு வயது. தோட்டத்தில் வேலையும் குறைந்து, மாவும் குறைந்துபோன காலம். காட்டில் முளைத்த கீரையைக்கூட யாரோ முந்திப் பறித்துவிட்டிருப்பார்கள். அவளுடைய அம்மா ஒரு ரொட்டியை ஐந்தாகப் பிய்க்கும்போது எல்லார் கண்ணும் அந்த விரல்களிலேயே இருக்கும். கடைசித் தம்பி அந்த வருசம் போய்ச் சேர்ந்தான். வயிற்றோட்டம் என்றார்கள். சாகிற அன்றைக்குக்கூட அவன் கேட்டது ரொட்டிதான். அவனைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் நின்ற ரப்பர் மரங்களைப் பார்த்து, இந்த மரங்களைப் போல மண்ணில் நின்றால் போதும் என்று மனுசனைப் படைத்திருக்கக் கூடாதா என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பு அவளை விட்டுப் போகவேயில்லை. கல்யாணமாகி அரிசியும் தேங்காயும் தட்டுப்பாடில்லாமல் கிடைத்த பிறகும், சாப்பாட்டை ரசிப்பது அவளுக்கு ஏதோ தவறு செய்வதைப் போலிருந்தது.

தொண்ணூற்றேழு புரட்டாசியில் ஒரு நாள் நல்ல வெயில். ஸ்டோரில் பாலை உறைய வைப்பதற்குக் கலக்கும் அசிட் திராவகத்தில் கொஞ்சத்தை ராஜதுரை ஒரு போத்தலில் ஊற்றி ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்தான். அவனுடைய தண்ணீர்ப் போத்தலும் அங்கேதான் இருந்தது. களைத்து வந்தவன் கை மாறி எடுத்துவிட்டான். ஒரே மடக்கு. பாதியைத் துப்பினான்; பாதி இறங்கிவிட்டது.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் வைத்து ஒரு பொலிஸ்காரர் பஞ்சவர்ணத்திடம் சிங்களத்தில் விசாரித்தார். வீட்டில் சண்டையா, கடன் கிடனா, மனுசன் வேண்டுமென்று குடித்தானா என்று கேட்டார். ஊரில் அப்படிக் குடித்தவர்களும் இருந்ததால் அவர் கேட்டதில் தவறில்லை.

அவளும் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். "காலையில போறப்போ, ராத்திரிக்குப் பலா மூசு கறி வை, கொஞ்சம் கொறக்காப் புளி கூடப் போடுன்னு சொல்லிட்டுப் போனவருங்க. அப்படிச் சொல்லிட்டுப் போறவர் சாகப் போவாரா?"

பொலிஸ்காரர் தவறுதலாகக் குடித்தது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வாய்ப்புண் ஆறியது. வீட்டுக்கு அனுப்பினார்கள். தப்பித்தோம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். ஆனால் மெல்ல மெல்லச் சோறு இறங்க மறுத்தது, பிறகு கஞ்சி மறுத்தது. ஐப்பசி மழை பிடித்த ஒரு காலையில் குடித்த தண்ணீர் அப்படியே மூக்கு வழியாகத் திரும்பியது. உள்ளே புண் ஆறும்போது தொண்டைக் குழாயும் சேர்ந்து சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். வயிற்றில் துளை போட்டு ஒரு ரப்பர் குழாயைச் செருகினார்கள். இனிமேல் ஆகாரம் அதன் வழியாகத்தான்.

மருத்துவத் தாதி ஒரு சிறிய புனலை எடுத்துப் பஞ்சவர்ணத்தின் கையில் கொடுத்து, "பய வெண்ட எபா நங்கி," என்றாள். பயப்படாதே என்று அவள் சொன்னதும் பஞ்சவர்ணம் புனலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வடிகட்டிய கஞ்சி குழாயில் இறங்கியது. ராஜதுரை முகட்டைப் பார்த்தபடி படுத்திருந்தான், யாருக்கோ நடப்பதைப் போல.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் சில வாரங்கள் பஞ்சவர்ணத்துக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அதை அவள் வெளியே சொல்லவில்லை. மிளகாய் அரைக்க வேண்டாம், தேங்காய் துருவ வேண்டாம், தாளிக்க வேண்டாம். உப்பு உறைப்பில்லாத கஞ்சியை வேகவைத்து, துணியில் வடித்து, வெதுவெதுப்பாக ஊற்றினால் முடிந்தது. பால், திரிபோஷா சத்து மா, பருப்புத் தண்ணீர், எல்லாம் அதே வழி. வயிறு நிறைந்தது. உடம்பும் தேறியது. அவள் வருசக்கணக்காகக் கேட்டது இதுதானே.

ஆனால் வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. அவன் பேசுவது குறைந்தது. எச்சில்கூட விழுங்க முடியாததால் பக்கத்தில் ஒரு டின்னை வைத்துக்கொண்டு அதில் துப்பிக்கொண்டே இருந்தான். சாயங்காலம் பக்கத்துக் காம்பிரா வீடுகளில் தாளிக்கும் வாசனை வந்தால் எழுந்து வெளியே போய் வாய்க்கால் பக்கம் நிற்பான். காலை, பகல், மாலை என்று அவனுக்கு ஒன்றுமில்லை.

அவன் முன்னால் சாப்பிட அவளுக்கு மனசு வரவில்லை. முதல் நாளே தட்டை எடுத்து வைத்துவிட்டு அப்படியே மூடிவிட்டாள். அதற்குப் பிறகு மலையில் பால் வெட்டும்போது, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில், சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொள்வாள். சில நாள் அதுவும் இல்லை. பக்கத்து வீட்டு மூக்காயி கொஞ்சம் சோறு கொடுத்தால் அவளுடைய குசினியில் அடுப்போரமாகச் சுவரைப் பார்த்து நின்று விழுங்கிவிட்டு வருவாள். தோள் எலும்பு துருத்த ஆரம்பித்தது.

ஒரு நாள் பின்னேரம் அவள் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் அவளுடைய கையைப் பிடித்து முகர்ந்தான்.

"தேங்காச் சம்பல். மாசிக் கருவாடு போட்டது. எலுமிச்சங்கா புழிஞ்சிருக்கு," என்றான்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். "மூக்காயிக்கா குடுத்தாங்க. ஒரு வாய்தாங்க சாப்பிட்டேன்."

"ஒளிச்சி ஒளிச்சியா சாப்பிடுற?"

அவள் மறுபடி குழாயைக் கழுவ ஆரம்பித்தாள். அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள். அவனோ டின்னை எடுத்துத் துப்பிவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் பேசினான்.

"பொணம் கெடக்கிற வீட்லதான் புள்ள அடுப்பு எரிக்க மாட்டாங்க. நான் செத்துட்டேனா?"

"அப்படிச் சொல்லாதீங்க."

"அப்ப என் முன்னாலயே சாப்பிடு. உக்காந்து சாப்பிடு. எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லு."

அன்றைக்கு ராத்திரிச் சோற்றை அவள் அவனுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிக் கூச்சப்பட்டதில்லை. பருப்பும் கருவாடும்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"நல்லா இருக்குன்னா? தொரைக்கு சலாம் சொல்ற மாதிரி சொல்லாத. கருவாடு எப்படி இருக்கு?"

"உப்பா இருக்கு."

"கருவாடு உப்பாத்தான் புள்ள இருக்கும். பொரிஞ்ச எடம் எப்படி, முள்ளுக்குப் பக்கத்துல எப்படி? பருப்போட சேத்து தின்னா என்ன ஆகுது?"

அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்து, விழுங்காமல் வைத்திருந்து பார்த்தாள். ஓரத்தில் கருகின இடத்தில் லேசான கசப்பு. அதைத் தாண்டினால் உப்பு. பருப்பைச் சேர்த்ததும் அந்த உப்பு தணிந்து, பிறகு கொஞ்சம் இனிப்பைப் போல ஒன்று வந்தது. பருப்பில் இனிப்பு இருக்கிறதென்று முப்பத்தைந்து வருசமாக அவளுக்குத் தெரியாது.

"இனிக்குதுங்க," என்றாள், நம்பாதவளைப் போல.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "ஆமா. தேங்காப்பால் கடைசியா ஊத்துனா அப்படித்தான் இனிக்கும்," என்றான்.

இடையில் ஒரு நாள் அவன் தானே முயன்று பார்த்தான். கொஞ்சம் சம்பலை வாயில் போட்டு மென்று, ருசியைப் பார்த்துவிட்டு டின்னில் துப்பினான். டின்னைத் தள்ளி வைத்தான். "வேணாம் புள்ள," என்றான். "விருந்தாளிய கூப்பிட்டு வாசல்லயே நிக்க வச்சி அனுப்புன மாதிரி இருக்கு. நீ சாப்பிடு. அதுவே போதும்."

அதிலிருந்து அது தினசரி வழக்கமாகிவிட்டது. அவனுக்குப் புனலில் ஊற்றி முடித்ததும் அவள் தட்டோடு உட்காருவாள். சொல்லச் சொல்லச் சொற்களும் வந்தன. பலா மூசு இறைச்சியைப் போல நாராக வருகிறது என்பாள். வாசனைக்கு ரம்பை இலை போட்ட சோறும் போடாத சோறும் மெல்லும்போது ஒன்றுதான், மூச்சு விடும்போதுதான் வேறு என்பாள். மலையில் பால் வெட்டிக்கொண்டிருக்கும்போதே, இன்றைக்கு என்ன சமைத்தால் அவனுக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தாள். ஓடைப் பக்கம் கிடைத்த காட்டுக் கீரையையும் வேலியில் காய்த்த பச்சை மிளகையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். அவளுடைய கன்னம் மறுபடி நிரம்பியது. அதைப் பார்த்து அவனுக்குத்தான் சந்தோசம்.

தை பிறப்பதற்கு முன் முஸ்லிம்களின் நோன்பு மாதம் வந்தது. சந்தியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த றஊப் நானாவுக்கு ராஜதுரை பழைய வாடிக்கை. அதைவிடப் பழைய கூட்டாளி. பகலில் கடை மூடியிருந்ததால் அவர் ஒரு பின்னேரம் தூக்குச்சட்டியோடு லயத்துக்கு ஏறி வந்தார்.

"இது மர்லியா காய்ச்சின நோன்புக்கஞ்சி தங்கச்சி," என்று தன் மனைவியின் பேரைச் சொல்லிப் பஞ்சவர்ணத்திடம் கொடுத்தார். "ஒங்களுக்கெண்டு கோழி போட்டு வேறயா காய்ச்சின. வடிச்சி எடுத்தா குழாயில போகும் தானே?"

அவள் வடித்து ஆறவைத்தாள். றஊப் நானா படியில் உட்கார்ந்து ராஜதுரையோடு பேசிக்கொண்டிருந்தார்.

"பின்னேரம் நாலு மணிக்குத்தான் எனக்கு மிச்சம் கஷ்டம்," என்றார். "ஆனா பாங்கு சொல்லுவாங்க, ஒரு பேரீச்சம்பழம் ஈக்குது எண்டு தெரியும். தெரிஞ்சிக்கிட்டு பட்டினி கெடக்கிறதுல ஒரு சந்தோசம் ஈக்குது. ஒங்களுக்குத்தான் அந்த நேரம் இல்லாம போச்சி, ராஜதுரை."

"பசி இல்லாம இல்ல நானா. பசிக்கும், ஊத்துனா அடங்கும். வேலைக்கே போகாம சம்பளம் வாங்குற மாதிரி இருக்கு. கையில வந்துரும், ஆனா நம்மளோடதுன்னு தோணாது."

றஊப் நானா பஞ்சவர்ணத்தின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி தானே எப்பவும் சொல்ற, சாப்பாடே வாணாம் எண்டு படைச்சிருந்தா நல்லம் எண்டு."

பஞ்சவர்ணம் புனலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அப்ப எனக்குச் சாப்பிடத் தெரியாதுங்க நானா."

அந்த வாரம்தான் இரத்தினபுரிக் கிளினிக்கில் டாக்டர் அவர்களை உட்காரவைத்துப் பேசினார். கொழும்புக்குப் போனால் தொண்டை வழியாக ஒரு கருவியை விட்டுச் சுருக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கலாம். ஒரே தடவையில் முடியாது, பல தடவை போகவேண்டும். முக்கால்வாசிப் பேருக்குச் சரிவரும். சிலருக்கு உள்ளே கிழிந்துவிடுவதும் உண்டு. கிழிந்தால் உயிருக்கு ஆபத்து. வேண்டாமென்றால் குழாயோடேயே காலம் தள்ளலாம், வேலைக்கும் போகலாம். யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் ராஜதுரை சொன்னான். "நீயே சொல்லு புள்ள. எனக்கு ஒண்ணு ஆச்சின்னா தனியா நிக்கப் போறவ நீதான்."

அவள் யோசிக்கவேயில்லை. "குழாயோடயே இருங்க. ஒரு கொறையும் இல்ல. நான்தான் சாப்பிட்டுச் சொல்றேனே."

அவன் தலையை ஆட்டினான். அதோடு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளுக்கும் நிம்மதியாக இருந்தது. அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்ததை அவள் பார்த்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

தைப்பொங்கலன்று மலையெல்லாம் ரப்பர் இலை சிவந்து கொட்டிக்கொண்டிருந்தது. லயத்து வாசல்களில் அடுப்பு வைத்தார்கள். பஞ்சவர்ணம் நேரம் எடுத்துப் பொங்கினாள். பச்சரிசியை வறுத்துப் போட்டாள், பாசிப்பயறைத் தனியாக வறுத்தாள், தேங்காய்ப்பால் ஊற்றினாள். தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவிலிருந்த சிங்களக் குடும்பம் ஒன்று கொடுத்த கித்துள் மரத்துக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டதும் அந்தப் பக்கமெல்லாம் மணந்தது. சாமிக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு, வாழையிலையில் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். அவன் காத்துக்கொண்டிருந்தான்.

அவள் ஒரு வாய் சாப்பிட்டாள்.

கருப்பட்டியின் இனிப்பு முதலில் தெரியவில்லை. புகை வாசனைதான் வந்தது. பிறகு அரிசி நாக்கில் குழைந்து, இனிப்பு எங்கிருந்தோ மெதுவாக எழும்பி, தொண்டை வரைக்கும் சூடாகப் போனது. போன இடமெல்லாம் ஏதோ ஆறுவதைப் போலிருந்தது. செத்துப்போன தம்பியின் முகம் திடீரென்று முன்னால் வந்தது. பசித்த முகமாக வரவில்லை. வாயெல்லாம் அப்பிக்கொண்டு சிரிக்கும் முகமாக வந்தது. அப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததேயில்லை.

"சொல்லு புள்ள."

அவள் வாயைத் திறந்தாள். புகை என்று சொல்லலாம், இனிப்பு என்று சொல்லலாம். ஒன்றும் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி இலையில் விழுந்தது.

"சொல்ல வரலீங்க," என்றாள்.

"சரி. சொல்லாத. சாப்பிடு."

"இல்லீங்க. நான் இத்தன நாளா சொன்னது எல்லாம் பாதிகூட இல்ல. அது தெரிஞ்சும் நீங்க தலைய ஆட்டிக்கிட்டு இருந்தீங்க." இலையைத் தரையில் வைத்தாள். "இது நீங்களே சாப்பிட வேண்டியதுங்க. கொழும்புக்குப் போவோம்."

அவன் அவளையே பார்த்தான். "பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்தான்," என்றான் அவன். கையை நீட்டி அவளுடைய தாடையில் ஒட்டியிருந்த ஒரு பருக்கையைத் துடைத்துவிட்டான்.

மாசியில் போனார்கள். அந்த வருசம் கொழும்புக்குப் போகும் ரோட்டில் கெடுபிடி அதிகம். சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். ராஜதுரையின் சட்டையைத் தடவிய சிப்பாயின் கை வயிற்றருகே குழாயில் பட்டதும் நின்றுவிட்டது. அவன் துவக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான். பக்கத்திலிருந்தவர்களும் விலகினார்கள். பஞ்சவர்ணம் வரிசையை விட்டு வந்து, வேகமாகச் சிங்களத்தில் விசயத்தைச் சொல்லி, தானே சட்டையின் பொத்தானைக் கழற்றிக் காட்டினாள். சிப்பாய் குனிந்து பார்த்தான். வயசுக்காரப் பையனில்லை, குடும்பஸ்தனைப் போலத்தான் இருந்தான்.

"கன்ன பெரித?" என்று கேட்டான். சாப்பிடவே முடியாதா என்று.

"முடியாது," என்றாள்.

அவன் சட்டையைத் தானே இழுத்து மூடிவிட்டு, ராஜதுரையின் தோளைப் பிடித்து பஸ் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் கதவை மூடியதும் பஞ்சவர்ணம் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். மடியில் ரொட்டிப் பொட்டலம் இருந்தது. அவிழ்க்கவில்லை. நான்தானே போவோம் என்று சொன்னேன், நான்தானே என்று ஒரே நினைப்பு. கதவு திறந்து, பிரச்சினை ஒன்றும் இல்லை என்று தாதி சொன்ன பிறகுதான் அவள் பொட்டலத்தை அவிழ்த்தாள்.

முதல் தடவை ஒரு மாற்றமும் தெரியவில்லை. இரண்டாம் தடவைக்குப் பிறகு எச்சில் விழுங்க முடிந்தது, டின் தேவைப்படவில்லை. அதற்கு அடுத்த தடவை வார்ட்டில் ஒரு தாதி கரண்டியில் தண்ணீர் கொடுத்தாள். ராஜதுரை அதை வாயில் வைத்துக்கொண்டே இருந்தான். விழுங்கத் தைரியம் வரவில்லை. பஞ்சவர்ணம் அவனுடைய தொண்டையையே பார்த்தாள். தொண்டை ஏறி இறங்கியது.

"போயிருச்சி," என்றான். நெஞ்சில் கையை வைத்து, தண்ணீர் இறங்குவதைக் கூடவே விரலால் தடவிக்கொண்டு போனான். "குளுருது புள்ள. உள்ள குளுந்துக்கிட்டே போகுது."

குழாயை எடுத்தது சித்திரை வருசப்பிறப்புக்குப் பிறகு. இனி மெதுவாக, நன்றாக மென்று, மிருதுவானதை மட்டும் சாப்பிட வேண்டும். கடினமானது எதுவும் கூடாது. சில மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். மறுபடி சுருங்கலாம். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. ராஜதுரை எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். அன்றைக்கு வார்ட்டில் கொடுத்த இடியப்பத்தையும் சொதியையும் சாப்பிட்டு முடிக்க அவனுக்கு ஒரு மணி நேரம் ஆனது. உப்பே இல்லாத சொதி. அதைப் பற்றி அவன் பஸ் ஏறும்வரை குறை சொல்லிக்கொண்டே வந்தான். பஞ்சவர்ணம் அதைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அவிசாவளையில் பஸ் நின்றதும் வடை விற்கிறவர் ஏறினார். பருப்பு வடை, மேலே இரண்டு காய்ந்த மிளகாய். சூட்டில் கடதாசி எண்ணெய் ஊறிப் போயிருந்தது. ராஜதுரையின் மூக்கு தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது. அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டான்.

பஞ்சவர்ணம் ஒன்றை வாங்கினாள்.

மடியில் கடதாசியை விரித்து வைத்து, வடையின் மொறுமொறுப்பான மேல்பாகத்தைச் சுற்றிவர உரித்தாள். உள்ளே பஞ்சைப் போல மெத்தென்று, வெங்காயமும் கறிவேப்பிலையும் தெரிய ஆவி பறந்தது. கறிவேப்பிலையையும் முழுப் பருப்புகளையும் விரலால் பொறுக்கி எடுத்தாள். மிச்சத்தை நசுக்கிச் சின்ன உருண்டையாக்கி அவனிடம் நீட்டினாள்.

"நல்லா மென்னுட்டு முழுங்குங்க. அவசரப்படாதீங்க."

அவன் வாயில் போட்டுக்கொண்டு மென்றான். மென்றுகொண்டே இருந்தான். தொண்டையில் ஒரு இடத்தில் அது தயங்கி நின்றதை அவனுடைய முகம் காட்டியது. கண் விரிந்தது. அவள் முதுகைத் தடவினாள். பஸ்ஸில் யாரோ சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு குழந்தை அழுதது. அவன் கையை உயர்த்தி, பொறு என்பதைப் போலக் காட்டினான். பிறகு மூச்சு வந்தது.

"போயிருச்சா?"

"போயிருச்சி," என்றான். கண்ணில் நீர் நின்றது. "இன்னொண்ணு குடு."

அவள் அடுத்ததை நசுக்கினாள். உரித்து வைத்த மேல்பாகம் மடியிலேயே இருந்தது. அதில் ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டாள். அது நொறுங்கிய சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. அவன் மெல்ல மெல்ல உள்பாகத்தைச் சாப்பிட, அவள் மொறுமொறுப்பை எல்லாம் சாப்பிட்டாள். மிளகாயையும் விடவில்லை. உறைப்பு காதுவரைக்கும் ஏறியது.

வடைக்காரர் இறங்கிவிட்டார். இன்னொன்று வாங்கியிருக்கலாம் என்று அவள் தலையை வெளியே நீட்டிக் கூப்பிடுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. பரவாயில்லை, இரத்தினபுரியிலும் விற்பார்கள் என்றான் அவன்.